தடம் கண்டவர் யார்?

வேட்டை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன வில்லும் துவக்கும் வீழ்ந்து கிடக்கும் விலங்குமேயாம். ஆனால், வேட்டையின் பெரும்பகுதி எய்வதில் இல்லை, தேடுவதிலேயே இருக்கின்றது. மான் எங்கே மேய்கின்றது, எவ்வழியாக நீருக்கு இறங்குகின்றது, எப்போது படுக்கின்றது, காற்று எத்திசையிலிருந்து வீசுகின்றது என்பனவற்றையெல்லாம் அறிந்துகொள்ளும் நீண்ட உழைப்பு ஒன்று, அம்பு நாணை விட்டுப் புறப்படும் கணத்துக்கு முன்னே நிகழ்ந்து முடிந்திருக்கின்றது. புதிதாகக் காட்டுக்குப் புறப்படுபவன் முதலிற் கற்கவேண்டிய பாடம் இந்தத் தடம் பார்த்தலே. முதுமையிலும் கற்று முடியாத பாடமும் இதுவே.

வரலாற்று நூல்கள் எய்தவனின் பெயரை எழுதி வைத்துள்ளன. தடம் கண்டவனின் பெயரை அவை எழுதவில்லை. இது தற்செயலாக நேர்ந்த மறதிதானா? அல்லது, இம்மறதிக்கும் நிலவுடைமைக்கும் சட்டத்துக்கும் தொடர்பு ஏதும் உண்டா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா எமக்கு ஏட்டிலிருந்து பிறந்ததன்று. வன்னியிற் காட்டோரக் கிராமம் ஒன்றில் நாம் படிப்பித்த நாள்களில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் அடிக்கடி பாடசாலைக்கு வராதிருந்தான். அவனுடைய தவணை அறிக்கையில், “கவனம் போதாது, காட்டில் திரிகின்றான்” என்று நாம் எழுதினோம். கோடைகாலத்து விடியற்பொழுது ஒன்றில், வற்றிக்கொண்டிருந்த குளத்தின் கரையோரமாக அவனோடு நடந்து செல்ல நேர்ந்தது. திடீரென எமது கையைப் பிடித்து நிறுத்தினான்.

“சேர், மிதிச்சுப் போடாதேங்கோ. மரையின்ரை அடி.”

“மான் இல்லையா?”

“புள்ளிமான்ரை அடி இவ்வளவு பெரிசா இராது, சேர். இது இராத்திரிப் பனி சொட்ட முன்னமே போயிட்டுது.”

எவ்வாறு அறிந்தாய் என வினவினோம். குந்தியிருந்து சுட்டிக்காட்டினான். மேலே கவிந்திருந்த மரக்கிளையிலிருந்து சொட்டிய பனித்துளிகள் அந்தக் குளம்படிக்குள்ளே சிறு சிறு குழிகளை இட்டிருந்தன. எறும்புச் சாரை ஒன்று அதன் விளிம்பைக் குறுக்கறுத்து ஊர்ந்த சுவடும் தெரிந்தது. அடி முதலில், பனியும் எறும்பும் பின்னர். ஆதாரம், அதன் காலம், அதிலிருந்து பெறும் முடிபு என்று வரலாற்று வகுப்பில் நாம் எதை விளக்க முயன்று தோற்றோமோ, அதனை அவன் மண்ணில் எழுதிக் காட்டினான்.

“ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?”

“அம்மப்பா, சேர். அவர் பள்ளிக்கூடம் போகேல்லை.”

அன்றுமுதல் அந்த மாணவனிடம் நாம் மாணவரானோம். துவக்கோ பொறியோ எம்மிடம் இருக்கவில்லை. நாம் எவ்வுயிரையும் கொல்லச் செல்லவுமில்லை. எனினும், தடம் பார்க்கப் பழகும் புதியவனுக்கு எத்தனை தவறுகள் நேரும் என்பதை அனுபவித்தே அறிந்தோம். காற்று எமது முதுகுப்புறமிருந்து வீசும்போது முன்னோக்கி நடந்தோம். எம் மணம் எமக்கு முன்னே சென்று மான்களைக் கலைத்தது. நிலத்தையே பார்த்து நடந்து, மரங்களைப் பார்க்க மறந்தோம். கொம்பைத் தேய்த்ததால் பட்டை உரிந்த மரமும், தளிர் கடிக்கப்பட்ட செடியும், உலர்ந்தும் உலராமலும் கிடக்கும் புழுக்கையும், மரை புரண்டெழுந்த சேற்றுப் பள்ளமும் தடங்களே என்பதைப் பின்னரே கற்றோம். பாலை மரம் பழுத்து உதிரும் காலத்தில் அதன் அடியிலும், குளங்கள் வற்றும் காலத்தில் எஞ்சிய நீரருகிலும் காத்திருக்க வேண்டும். முசுக் குரங்குகள் மேலிருந்து உதிர்க்கும் இலையையும் காயையும் உண்ணப் புள்ளிமான்கள் கீழே கூடும். ஒன்று எழுப்பும் எச்சரிக்கைக் குரலை மற்றையது கேட்டு விலகும். மரையோ பெரும்பாலும் இரவில் நடமாடுவது. ஆகவே பகலில் அதனைத் தேடுபவன் காண்பது விலங்கையன்று. அது எழுதிச்சென்ற கடிதத்தையே. இவை யாவும் ஒருவர் ஒருநாளிற் கண்டுபிடித்தவை அல்ல. தலைமுறை தலைமுறையாகத் திரட்டப்பட்டு, வாய்மொழியாகக் கையளிக்கப்பட்ட கூட்டு அறிவு இது.

இக்கூட்டறிவின் தொன்மை எவ்வளவு? களுத்துறை மாவட்டத்திலுள்ள பாஹியன்லெனக் குகையிற் கிடைத்த என்பு முனைகளுட் பழையவை ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2020இல் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது. ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் வழங்கியமைக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் இவையும் அடங்கும். அக்குகை மாந்தர் பெரிதும் உண்டவை குரங்கும் அணிலுமே. மானும் மரையும் குறைவு. மரத்துக்கு மரம் தாவும் சிறு விலங்கை அடர்காட்டில் தேடிக் கண்ட அம்மாந்தரின் கண்ணும் செவியும் எத்துணைக் கூர்மை பெற்றிருந்திருக்க வேண்டும்! அவர்களுள் அரசரும் இல்லை, குடிமக்களும் இல்லை. தடம் கண்டவர் வேறு, எய்தவர் வேறு, உண்டவர் வேறு என்ற பிரிவினைக்கு அங்கே இடமிருந்திராது.

அரசு தோன்றியதும் நிலை மாறுகின்றது. இந்நாட்டு வரலாற்றில் யாவரும் அறிந்த மான்வேட்டை மிகிந்தலையில் நிகழ்ந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆண்ட தேவநம்பியதீசன் வேட்டைக்குப் புறப்பட்டதையும், மரை வடிவெடுத்த தேவன் ஒருவன் அவனை மகிந்தரிடம் இட்டுச்சென்றதையும் மகாவம்சம் விவரிக்கின்றது. அறியாது மேய்ந்து நின்ற விலங்கை எய்தல் முறையன்று எனக் கருதி மன்னன் நாணொலி எழுப்பினான் என்பதும் அங்கே கூறப்படுகின்றது. அரசனின் அறம் பதிவாயிற்று. ஆனால், அவ்வேட்டையில் அவனோடு நாற்பதினாயிரம் பேர் சென்றனர் என்றும் அந்நூலே கூறுகின்றது. எண்ணிக்கை கவிஞனின் மிகையாக இருக்கலாம். மிகையாக இருந்தாலும், அத்தனை பேருள் ஒருவனது பெயரேனும் வேட்டைக்காரனாக எமக்கு வந்து சேரவில்லை.

இதனோடு தமிழ் மரபிலுள்ள ஒரு கதையை ஒப்பிடுவது பயன்தரும். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், வேடர் தலைவன் நாகனின் மகன் திண்ணன் தன் முதல் வேட்டைக்குச் செல்கின்றான். அதனைக் கன்னி வேட்டை என்பர். அவ்வேட்டையில் ஓடிய பன்றியைத் தொடர்ந்து சென்ற திண்ணனோடு நாணன், காடன் என்ற இருவர் இறுதிவரை சென்றனர். பின்னாளிற் கண்ணப்பராகப் போற்றப்படுபவனின் பெயரோடு அவ்விருவர் பெயரும் காக்கப்பட்டுள்ளன. அது பக்தி இலக்கியமேயன்றி வரலாற்றாவணம் அன்று. எனினும், புதியவன் தனியே வேட்டைக்குச் செல்வதில்லை என்ற உண்மையைப் புலவர் உணர்ந்திருந்தார் எனக் கொள்ளலாம். தலைவன் மகனாயினும் துணையின்றிக் காட்டைக் கற்க முடியாது.

இலங்கையின் வேடரைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய பழைய குறிப்புகளுள் றொபேட் நொக்ஸ் எழுதியவை முக்கியமானவை. 1660இல் கண்டி அரசிற் சிறைப்பட்டு 1679இல் தப்பிச்சென்ற அவ்வாங்கிலேயர் 1681இல் தம் நூலை வெளியிட்டார். வேடர் இரவிலே கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய இலையையும் அருகே வைத்துச் செல்வர் என்றும், மரப்பொந்தில் தேனோடு இறைச்சியைச் சேமிப்பர் என்றும் அவர் எழுதினார். இவற்றினும் எமக்கு முக்கியமானது பிறிதொரு செய்தி: வேடர் காட்டைத் தம்முள் எல்லை வகுத்துக்கொண்டனர், ஒரு கூட்டத்தவர் மற்றையவர் எல்லைக்குள் வேட்டையாடுவதில்லை. ஆளில்லா வெற்றுக்காடு என்று பிற்காலத்தில் ஆட்சியாளர் கூறிய இடத்தில் உரிமையும் ஒழுங்கும் இருந்தன என்பதற்கு ஆங்கிலேயர் ஒருவரின் எழுத்தே சான்றாக நிற்கின்றது.

1911இல் செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட வேடர் பற்றிய நூல் மற்றொரு சான்றைத் தருகின்றது. கண்டே யக்கா என்பது புகழ்பெற்ற முன்னோனாகிய வேட்டைக்காரன் ஒருவனின் ஆவி. வேட்டை வாய்க்கவேண்டி அதனை அழைக்கும் கிரி கொரஹ என்னும் சடங்கிலே, ஆவேசமுற்று ஆடுபவர் மரையின் அடியைத் தேடித் தொடர்வதை நடித்துக் காட்டுகின்றார். குனிந்து நிலத்தை ஆராய்தலும், தடத்தைப் பின்பற்றலும், இறுதியில் எய்தலும் அக்கூத்தில் இடம்பெறுகின்றன. எழுத்தறியாத சமூகம் தன் பாடநூலை உடலில் எழுதி வைத்திருந்தது. சுற்றி நின்று பார்க்கும் சிறுவனுக்கு அது வழிபாடு மட்டுமன்று, வகுப்பறையுமாகும். தடம் கண்ட முன்னோனின் பெயரை மறவாது போற்றியவர்கள், ஏடு எழுதியோரல்லர். தடம் காண்போரே என்பது ஈண்டு கருதத்தக்கது.

இனிப் பிரித்தானியர் காலத்துக்கு வருவோம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த காணிகளெல்லாம் மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று விதித்தது. உறுதிப்பத்திரம் காட்ட முடியாத ஏழைக்குக் காடு ஒரே நாளில் அந்நியமாயிற்று. முடிக்குரியதான மலைக்காடுகள் கோப்பித் தோட்டங்களுக்காக விற்கப்பட்டன. அவற்றை வெட்டி வெளியாக்கிய உழைப்பில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளருக்கும் பங்கு உண்டு. மரையின் உறைவிடத்தை அழித்த கோடரி உழைத்தவர் கையில் இருந்தது; இலாபம் வேறு கைகளுக்குச் சென்றது.

1848இல் நிகழ்ந்த இரு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். அவ்வாண்டிலே தேசாதிபதி டொரிங்டனின் ஆட்சி துவக்குக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தது. துவக்கும் நாயும் கிராமத்தவனுக்கு ஆடம்பரப் பொருள்களல்ல. பயிரைக் காப்பனவும் கறிக்கு இறைச்சி தருவனவும் அவையே. மாத்தளையிலும் குருணாகலிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில், சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலச் செல்வர் வேட்டைநாய்க் கூட்டம் ஒன்றோடு நுவரெலியாவிற் குடியேற வந்தார். அங்கிருந்து 1855 வரை, நாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கத்தியாற் குத்திக் கொல்லும் விளையாட்டிலே திளைத்து, அதனைப் பற்றி நூல்களும் எழுதினார். ஒருவனுடைய காவல்நாய் வரிக்குரிய பொருளாயிற்று. மற்றவருடைய வேட்டைநாய்கள் இலக்கியம் ஆயின.

இலக்கியம் என்பது வெறும் அணியுரையன்று. கில்பக், சிமட், பிரான் என்ற அந்நாய்களின் பெயர்களும் குணங்களும் அவர் நூலில் அன்போடு எழுதப்பட்டுள்ளன. அவற்றை ஆங்கிலம் வாசிக்கும் எவரும் இன்றும் அறியலாம். ஆனால் வழிகாட்டியவர், துவக்குச் சுமந்தவர், தடம் கண்டவர் ஆகியோருட் பெரும்பாலோர் கூலியென்றும் தடம் பார்ப்பவனென்றும் தொழிற்பெயராலேயே சுட்டப்படுகின்றனர். பேக்கர் தேர்ந்த வேட்டைக்காரர் என்பதை நாம் மறுக்கவில்லை. நல்ல தடம் பார்ப்போரின் திறனை அவர் அறியாதவருமல்லர். குறை தனியொருவரின் நெஞ்சில் மட்டும் இல்லை. உழைப்பை வாங்குபவன் அதன் விளைவோடு புகழையும் வாங்கிவிடும் சமூக அமைப்பிலேயே குறை இருக்கின்றது. தேயிலைப் பெட்டியிற் கொழுந்து கிள்ளியவளின் பெயர் இல்லாததற்கும், வேட்டை நூலிலே தடம் கண்டவனின் பெயர் இல்லாததற்கும் காரணம் ஒன்றே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானும் மரையும் அருகலாயின. காடழிப்பும், துரைமாரின் வேட்டையும், மான்தோலையும் கொம்பையும் ஏற்றுமதி செய்த வணிகமும் அதற்குக் காரணங்களாகும். 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1900இல் யால ஒதுக்ககம் அமைந்தது. அதன் ஒரு பகுதி, தீவில் வசித்த வேட்டைப் பிரியர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அனுமதிப்பத்திரம் பெற்றுத் துரை சுட்டால் அது விளையாட்டு. அனுமதியின்றிக் கிராமத்தவன் சுட்டால் அது களவு. விலங்கு ஒன்றே, காடும் ஒன்றே. வேறுபட்டது கையிலிருந்த கடதாசி மட்டுமே.

அக்காலத்து அம்பாந்தோட்டையில், 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் லெனாட் வுல்ப். ஏகாதிபத்திய அதிகாரியாக வந்து அதன் எதிர்ப்பாளராக மாறிய அவர், 1913இல் வெளியிட்ட நாவலில் சிலிந்து என்ற ஏழை வேட்டைக்காரனைப் படைத்தார். காட்டின் மொழியை அறிந்த சிலிந்துவுக்குக் கச்சேரியின் மொழி தெரியாது. ஊர்த் தலைவனும் கடன் கொடுப்பவனும் சேர்ந்து தன்னை வளைக்கின்றனர் என்பதை அவன் இறுதியில் உணரும்போது, வேட்டையாடப்படும் விலங்கு தானே எனக் காண்கின்றான். துவக்கை எடுத்து அவ்விருவரையும் சுடுகின்றான். தடம் பார்ப்பவனை ஒரு நாவலின் நடுவே நிறுத்தியமைக்காக அந்நூலை நம் மாணவர் படித்தல் வேண்டும்.

சுதந்திரம் இந்நிலையை மாற்றியதா? 1937இல் இயற்றப்பட்ட தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பின்னரும் திருத்தங்களோடு தொடர்ந்தது. 1949இல் வனசீவராசிகள் திணைக்களம் உருவாயிற்று. 1983இல், மகாவலித் திட்டத்தோடு இணைந்து மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, வேடர் தம் மூதாதையரின் வேட்டைக் காட்டை இழந்தனர். பல குடும்பங்கள் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. முதிய தலைவர் திசாஹாமி தம்பானையை விட்டுச் செல்ல மறுத்தார். 1998இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். கிழக்கே வாகரைப் பக்கத்தில் நம்மைப் போலத் தமிழ் பேசி வாழும் கரையோர வேடரின் கதையும் இழப்பின் கதையே. அவர்களை நம் பாடநூல்களிலே தேடிப்பார்த்தால், தமிழர் என்று பெருமை பேசும் நாமும் இம்மறதியிற் பங்காளிகளே என்பது விளங்கும்.

மானைக் காத்தல் தவறென்று நாம் கூறவில்லை. சுருக்குக் கம்பியிற் சிக்கிச் சிறுத்தைகளும் மாளும் இக்காலத்தில் காவல் அவசியமே. நாம் கேட்பது வேறு. காட்டை அழித்தவர்கள் யாவர்? அதற்காகத் தண்டம் கட்டுபவர்கள் யாவர்? காட்டைக் காக்கும் பணியில், அதனை நன்கறிந்தவர்களுக்கு மதிப்பான இடம் ஏன் இல்லை? தடம் பார்க்கும் அறிவு கொல்வதற்கு மட்டும் உரியதன்று. மான்களை எண்ணுவதற்கும், அவற்றின் வழிகளை மறிக்காது வீதி அமைப்பதற்கும், வறட்சியில் எந்நீரை நம்பி அவை வாழ்கின்றன என்பதை அறிவதற்கும் அதுவே வேண்டும்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது, அந்த மாணவனின் அம்மப்பாவைக் காணச் சென்றோம். கொப்பியும் பேனாவுமாக நாம் திண்ணையில் அமர்ந்ததும் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். காற்றைப் பற்றியும் பாலைப்பழத்தைப் பற்றியும் சிறிது சொன்னார். பின்பு கொப்பியைப் பார்த்துக் கேட்டார்:

“இதையெல்லாம் எழுதிறியள். வழக்கு ஏதும் வருமோ, மாஸ்டர்?”

வராது என்று உறுதி கூறினோம். அவர் சிரித்தார்.

“எண்டாலும் என்ரை பேரைப் போடாதேங்கோ.”

நமது வினாவுக்கு விடை அத்திண்ணையிலே கிடைத்தது. அரசர் காலத்தில் அவன் பெயர் எழுதத்தக்கதாகக் கருதப்படவில்லை. துரைமார் காலத்தில் அது கூலியின் பெயராகக் கழிந்தது. இன்றோ, தன் அறிவே தனக்கெதிரான சாட்சியாகிவிடும் என அஞ்சி அவன் தானே தன் பெயரை மறைக்கின்றான். அவர் விருப்பப்படி நாமும் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. வரலாறு அவருக்குச் செய்த அநீதியை அவருடைய சம்மதத்தோடு நாமும் ஒருமுறை செய்கின்றோம்.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒன்று கூறி முடிப்போம். பாடம் விளங்காத பிள்ளையைக் ‘காட்டான்’ என்று ஏசும் வழக்கம் நம் வகுப்பறைகளில் இன்னும் உண்டு. நாமும் ஏசியிருக்கின்றோம். குளக்கரையில் அன்று எமது கையைப் பிடித்து நிறுத்தியவன் காட்டான்தான்; எமது காலுக்குக் கீழே கிடந்த சான்றை அழியாது காத்தவனும் அவனே. அடுத்த தவணை அறிக்கையிலே பழைய வாசகத்தை நாம் எழுதவில்லை. “ஆதாரங்களை ஆராய்வதில் மிகுந்த திறமை உண்டு” என்று எழுதினோம். பரீட்சைப் பெறுபேற்றில் அதற்குப் புள்ளி இல்லை. அப்புள்ளியை இடும் ஒரு கல்வி முறையும், அம்முதியவர் அச்சமின்றித் தம் பெயரைச் சொல்லும் ஒரு சமூகமும் உருவாகும்வரை, வரலாறு படிப்பிக்கும் நம் வேலை பாதியிலேயே நிற்கின்றது.